மூக்கடைப்பு: அடிக்கடி கேக்குற கேள்விகள் (முழுகாம இருக்கறவங்களுக்கும் சேத்து)

காரைக்குடியில ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட 11 வருஷமா நர்ஸா இருக்கேன். தெனம் வர்ற கேள்வி எல்லாம் திரும்பத் திரும்ப ஒண்ணாவே இருக்கறதால ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். எனக்கே ரெண்டாவது பிள்ளை வயித்துல இருக்கும்போது நாலு மாசம் மூக்கடைச்சுக் கெடந்துச்சு, அதனால இது படிச்சத மட்டும் வச்சு எழுதுறது இல்ல. உங்க உடம்பு நெலவரம் உங்க டாக்டருக்குத்தான் தெரியும், மருந்து எதுவா இருந்தாலும் அவங்கள கேட்டுட்டு எடுங்க.

மூக்கடைப்புன்னா சளி உள்ள கட்டிக்கிட்டு இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லங்க, முக்காவாசி நேரம் அது வீக்கம். மூக்குக்குள்ள ரெண்டு பக்கச் சுவர்லயும் சுருட்டி வச்ச வெத்தல மாதிரி மடிப்பு மடிப்பா சதை இருக்கு, அதுக்குள்ள பூரா சின்னச் சின்ன ரத்தக் குழாய். வைரஸோ தூசியோ ஹார்மோனோ எதாவது ஒண்ணு அத கிளப்பி விட்டா அதுல ரத்தம் ரொம்பி சதை உப்பிக்கும், காத்து போற வழி சுருங்கிடும். அதனாலதான் எவ்வளவு சிந்துனாலும் ஒண்ணும் வராம அடைப்பு மட்டும் அப்படியே இருக்கு. உள்ள இல்லாத சளிய வெளிய தள்ளணும்னு பலங்கொண்ட மட்டும் சிந்துறவங்களுக்குத்தான் காது அடைக்கறதும் மூக்குல ரத்தம் வர்றதும். ஒரு பக்கத்த மூடிக்கிட்டு மெதுவா சிந்துங்க, போதும்.

காலைல இடது மூக்கு அடைக்குது, சாயங்காலம் வலது. இது வியாதியா?

வியாதி இல்ல. எல்லாருக்குமே சில மணி நேரத்துக்கு ஒரு தடவ ஒரு பக்கச் சதை கொஞ்சம் உப்பும், இன்னொரு பக்கம் சுருங்கும், மாறி மாறி நடக்கும், நல்லா இருக்கும்போது நமக்குத் தெரியாது, ஏற்கெனவே வீக்கம் இருந்தா பளிச்சுனு தெரியும். எப்பவும் ஒரே பக்கம் மட்டும் அடைச்சிருந்தாத்தான் காட்டணும்.

சளிக்காய்ச்சலா அலர்ஜியா, எப்படிக் கண்டுபிடிக்கறது?

சளின்னா தொண்டை கரகரன்னு ஆரம்பிக்கும், உடம்பு வலிக்கும், ரெண்டு மூணு நாள்ல சளி கெட்டியாகும், 7-லேர்ந்து 10 நாள்ல தானா வடிஞ்சிரும். வைரஸ்தான் காரணம், ஆன்டிபயாடிக் அதுக்கு வேலை செய்யாது. சளி மஞ்சளாவோ பச்சையாவோ மாறிட்டாலே ஆன்டிபயாடிக் வேணும்னு ஒரு எண்ணம் நம்ம ஊர்ல ரொம்ப இருக்கு, அது தப்பு, சாதா சளியிலயும் நெறம் மாறும். அலர்ஜின்னா காய்ச்சல் இருக்காது, மூக்கும் கண்ணும் அரிக்கும், வரிசையா தும்மல், தண்ணியா ஒழுகும், வாரக்கணக்கா இருக்கும், முக்கியமா ஒரு எடத்துக்குப் போனா வரும், அந்த எடத்த விட்டு வந்தா போயிரும்.

சென்னையில நல்லாத்தான் இருக்கேன், ஊருக்கு வந்து பெரிய வீட்டத் தொறந்த உடனே தும்மல் பிச்சுக்கிட்டு வருது, ஏன்?

இது நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துக்குன்னே உள்ள கேள்வி, வருஷா வருஷம் கேக்கறாங்க. படைப்புக்கோ (முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடறது) கல்யாணத்துக்கோதான் வீட்டத் தொறக்குறோம். மத்த நாளெல்லாம் வாசப்பக்க முகப்பும், நடுமுத்தத்தச் சுத்துன வளவும், அதுக்குப் பின்னால ரெண்டாங்கட்டும் பூட்டியே கெடக்கு. அத்தனை மாசத் தூசி, கரப்பான் எச்சம், ஓட்டுல மழை எறங்குன சுவத்துப் பூஞ்சை, எல்லாத்துக்கும் மேல பழைய இலவம்பஞ்சு மெத்தையும் தலகாணியும், அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி குடும்பம் குடும்பமா இருக்கும், நம்ம தோல்லேர்ந்து உதுர்ற பொடுகுதான் அதுக்குச் சாப்பாடு. பெட்டகத்தத் தொறந்து அந்தத் தலகாணிய எடுத்து ரெண்டு தட்டு தட்டி அப்படியே போட்டுப் படுத்தீங்கன்னா விடிய விடிய தும்மல்தான்.

என் மாமியார் வீட்டுல இப்ப பண்றத சொல்றேன். அலர்ஜி இருக்கறவங்க வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஆள் விட்டு எல்லாக் கதவையும் தொறந்து விட்டுடுவோம். தொடப்பத்தால கூட்டறதுக்கு முன்னாடி ஈரத்துணி, ஏன்னா காஞ்ச தொடப்பம் தூசிய எழுப்பி விடுமே தவிர எடுக்காது. நமக்கு ஆத்தங்குடி கல்லுத் தரை இருக்கறது பெரிய வசதி, கார்ப்பெட் கிடையாது, தொடச்சா போச்சு. சுவரும் முட்டை வெள்ளைக்கரு சேத்துப் பூசுன முட்டைப்பூச்சா இருந்தா வழவழன்னு இருக்கும், ஈரத்துணிக்குத் தூசி வந்துரும். தலகாணி உறை, போர்வை எல்லாம் நல்ல சுடுதண்ணில தொவைக்கணும், 60 டிகிரி இருந்தாத்தான் அந்தப் பூச்சி சாகும். பழைய தலகாணிய மட்டும் தயவுசெஞ்சு தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க, அப்பத்தா கையால தச்சதுன்னு வச்சிருக்கீங்கன்னா பெட்டகத்துக்குள்ளயே இருக்கட்டும், தலைக்குக் கீழ வேண்டாம். தொடைக்கற நேரத்துல முழுகாம இருக்கற பொண்ணு வீட்டுக்குள்ள இருக்க வேண்டாம், பக்கத்து வீட்டுல உக்காத்தி வைங்க.

வெளியிலயும் காரணம் இருக்கு. காரைக்குடியிலேர்ந்து தேவகோட்டை போற வழி பூரா சீமைக்கருவேலம், அதோட மகரந்தம் அலர்ஜி கொடுக்கறது. புதுவயல் பக்கம் அரிசி மில்லுல வேலை பாக்குறவங்களுக்கு உமித்தூசி. இவங்க மாஸ்க் போட்டுக்கிட்டு, வீட்டுக்கு வந்ததும் குளிச்சு, மூக்க உப்புத்தண்ணில கழுவிட்டாலே பாதி கொறையும்.

எனக்கு சைனஸ் இருக்கு, அதனாலதான் அடைக்குதா?

சைனஸ் எல்லாருக்கும் இருக்குங்க, அது முகத்து எலும்புக்குள்ள இருக்கற காத்தறை. அதோட உள்தோல் அழற்சியாகி வீங்குனாத்தான் சைனசைட்டிஸ். நம்ம ஊர்ல மூக்கடைச்சா சைனஸ், தலை வலிச்சா சைனஸ்னு சொல்லிப் பழகிட்டோம். பல பேருக்குப் பாத்தா அலர்ஜியா இருக்கும், இல்ல மூக்க ரெண்டா பிரிக்கற நடுத்தண்டு வளைஞ்சிருக்கும், இல்ல பாலிப்னு சொல்ற சதைக் கொப்புளம் இருக்கும். நடுத்தண்டு வளைவு ரொம்ப சாதாரணம், தொந்தரவு இல்லன்னா ஆபரேஷன் தேவையே இல்ல. தைராய்டு கம்மியா சுரந்தாலும் மூக்கு அடைக்கும், அத யாரும் யோசிக்கறதே இல்ல.

மூக்குல விடுற சொட்டு மருந்து விட்டா உடனே தொறக்குதே, தெனமும் விடலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்துல யாராவது ஒரு வரி மட்டும் படிச்சா இந்த வரிய படிங்கன்னு சொல்லுவேன். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின்னு பாட்டில்ல போட்டிருக்கும், அது ரத்தக் குழாய சுருக்கிவிடுது, ரெண்டு நிமிஷத்துல காத்து போகும், சொர்க்கமா இருக்கும். ஆனா 3 நாள், மிஞ்சிப்போனா 5 நாளைக்கு மேல விட்டா அந்தச் சதை மருந்து இல்லாம சுருங்க மறந்துரும், மருந்து எறங்குனதும் முன்ன இருந்தத விட அதிகமா வீங்கும், நீங்க மறுபடி விடுவீங்க, மறுபடி வீங்கும். எங்ககிட்ட ஒரு ஐயா வந்தாரு, கடை வச்சிருக்கறவரு, சட்டைப்பையில ஒண்ணு, கல்லாப்பெட்டியில ஒண்ணு, தலகாணிக்கு அடியில ஒண்ணு, 6 வருஷமா. அவருக்கு ஆரம்பத்துல இருந்தது வெறும் சளி. மருந்துக்கடையில சீட்டு இல்லாம வாங்குனது, எத்தனை நாள் விடணும்னு குடுத்தவங்களும் சொல்லல, அவரும் கேக்கல.

நிறுத்தறதுக்கு வழி இருக்கு. மொதல்ல ஒரு மூக்குல மட்டும் நிறுத்தி, இன்னொண்ணுல விட்டுக்கிட்டு, கூட டாக்டர் குடுக்கற ஸ்டீராய்டு ஸ்ப்ரேய அடிச்சுக்கிட்டு வந்தா கொஞ்ச நாள்ல வெளிய வந்துரலாம், மொத வாரம் ரொம்பக் கஷ்டமா இருக்கும், பல்லக் கடிச்சுக்கணும். அந்த ஐயா வந்துட்டாரு.

ஸ்டீராய்டு ஸ்ப்ரேன்னதும் பயந்துராதீங்க, சொட்டு மருந்து வேற, இது வேற. இது மெதுவா வேலை செய்யும், முழுப் பலன் தெரிய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், பழக்கமாகாது. அடிக்கும்போது தலைய லேசா குனிஞ்சு, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, மொனைய நடுத்தண்டு பக்கம் திருப்பாம காதுப் பக்கம் சாச்சு அடிங்க, உறிஞ்சி இழுக்காதீங்க. நேரா நடுவுல அடிச்சு அடிச்சுத்தான் ரத்தம் வருதுன்னு வர்றாங்க.

முழுகாம இருக்கேன், சளி இல்ல, காய்ச்சல் இல்ல, ஆனா மூக்கு மட்டும் எப்பப் பாத்தாலும் அடைச்சிருக்கு. பிள்ளைக்கு எதாவது ஆகுமா?

பயப்படாதீங்க ஆச்சி, இது வர்றதுதான். கர்ப்பகால மூக்கடைப்புன்னு தனியாவே ஒண்ணு இருக்கு, ஏறக்குறைய அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு வருது. தொத்து இல்லாம, அலர்ஜி காரணமும் இல்லாம 6 வாரமோ அதுக்கு மேலயோ அடைச்சிருந்து, பிரசவம் ஆகி 2 வாரத்துக்குள்ள சரியாச்சுன்னா அதுதான் இது. ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஹார்மோன் எல்லாம் ஏறுது, நஞ்சுக்கொடியில ஒரு வளர்ச்சி ஹார்மோன் சுரக்குது, ஒடம்புல ரத்த அளவே 40-லேர்ந்து 50 சதவீதம் வரைக்கும் கூடுது, இத்தனையும் சேந்து அந்தச் சதைய உப்ப வைக்குது. கால் வீங்குறது தெரியுது, மூக்குக்குள்ள வீங்குறது தெரியல, அவ்வளவுதான். வெறும் அடைப்பால பிள்ளைக்கு மூச்சு குறைஞ்சிராது, நீங்க வாயால எடுத்தாலும் காத்து போகுது.

ஆனா "எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதானே, பொறுத்துக்க"ன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். ராத்திரி தூக்கம் இல்லாம, வாய் காஞ்சு, மூணு மணிக்கு முகப்புத் திண்ணையில தூணுல சாஞ்சு உக்காந்துக்கிட்டு விடிஞ்சா போதும்னு நான் இருந்திருக்கேன். அது சின்ன விஷயம் இல்ல, கேட்டா செய்யறதுக்கு வழி இருக்கு, அதனால செக்கப் போகும்போது வாயத் தொறந்து சொல்லுங்க.

ராத்திரிக்கு என்ன செய்யலாம்?

படுத்தா தலைக்கு ரத்தம் ஏறி இன்னும் அடைக்கும், அதனால தல மாட்டு உயரணும். வெறும் தலகாணிய அடுக்குனா கழுத்துதான் மடங்கும், முதுகுலேர்ந்து சரிவா வர்ற மாதிரி வைங்க, கட்டில்னா தலைப்பக்கக் காலுக்கு அடியில செங்கல் குடுத்து ஒசத்துங்க. இன்னொண்ணு, ஒருக்களிச்சுப் படுத்தா கீழ இருக்கற பக்கத்து மூக்கு அடைச்சு மேல் பக்கம் தொறக்கும், ஒரு பக்கமாவது தொறந்திருக்கும்ல, கர்ப்பத்துல ஒருக்களிச்சுப் படுக்கறதுதான் நல்லதும்கூட. மூக்கு மேல ஒட்டுற பட்டை மருந்துக்கடையில கெடைக்கும், அதுல மருந்து எதுவும் இல்ல, வெளியிலேர்ந்து இழுத்துப் புடிக்குது அவ்வளவுதான், தாராளமா ஒட்டலாம். சாயங்காலம் கொஞ்ச நேரம் நடங்க, நடக்கும்போது அந்த ரத்தக் குழாய் தானா சுருங்கும். எனக்கு வெளிய போக முடியாத மழை நாள்ல வளவச் சுத்தியே நடப்பேன், பத்து சுத்து முடியறதுக்குள்ள ஒரு பக்கமாவது காத்து போயிரும். கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி இதெல்லாம் படுக்கற அறையில வேண்டாம், கொசுவலை கட்டுங்க.

உப்புத்தண்ணி வச்சு மூக்கு கழுவுறது எப்படி? கர்ப்பத்துல செய்யலாமா?

செய்யலாம், இதுல மருந்தே இல்லையே, அதனால எனக்கு இதுதான் மொதல் வைத்தியம். 1 லிட்டர் தண்ணிக்கு 9 கிராம் உப்பு, அதாவது டீஸ்பூன்ல தலை தட்டி ஒண்ணரை ஸ்பூன். அயோடின் கலக்காத உப்பா இருந்தா எரியாது, ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேத்தா இன்னும் எதமா இருக்கும். வெதுவெதுப்பா இருக்கணும். முன்பக்கம் குனிஞ்சு, தலைய ஒரு பக்கம் சாச்சு, வாயால மூச்சு விட்டுக்கிட்டு மேல் மூக்குல விட்டா கீழ் மூக்கு வழியா வந்துரும். குனிய முடியாத மாசத்துல மருந்துக்கடை சலைன் ஸ்ப்ரே போதும்.

தண்ணி விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. நல்லா தளதளன்னு கொதிக்க வச்சு ஆறவச்ச தண்ணிதான். நம்ம ஊருணித் தண்ணி குடிக்கறதுக்கு எவ்வளவு ருசியா இருந்தாலும், பைப் தண்ணி எவ்வளவு தெளிவா இருந்தாலும், கொதிக்காம மூக்குல ஊத்தக்கூடாது. நல்ல தண்ணில இருக்கற ஒரு அமீபா மூக்கு வழியா மூளைக்குப் போனா உயிருக்கே ஆபத்து, 2024-ல கேரளாவுல பிள்ளைங்க செத்தது அதனாலதான். குடிச்சா ஒண்ணும் பண்ணாது, மூக்குல போனாத்தான்.

ஆவி பிடிக்கலாமா? நொச்சி இலை, விக்ஸ் எல்லாம் போடலாமா?

வெறும் சுடுதண்ணி ஆவி கொஞ்ச நேரம் எதமா இருக்கும், வீக்கத்த பெருசா கொறைக்காது, ஆனா சொகமா இருக்குன்னா புடிங்க, முழுகாம இருக்கறவங்க போர்வைக்குள்ள வேர்த்து விறுவிறுத்துப் போற அளவுக்கு வேண்டாம். குண்டானுக்குப் பதிலா அகலமான பாத்திரத்துல, மேஜை மேல, கவிழாத மாதிரி வச்சுக்கங்க. அடுப்புலேர்ந்து எறக்குன குண்டான மடியில வச்சு, அது சரிஞ்சு தொடை வெந்து போனவங்கள பாத்திருக்கேன், பிள்ளைங்கள பக்கத்துல விடாதீங்க. விக்ஸ்ல இருக்கற மென்தால் குளிர்ச்சியா காட்டி மூக்கு தொறந்த மாதிரி ஒரு உணர்ச்சி குடுக்கும், உள்ள வீக்கம் அப்படியேதான் இருக்கும். மூக்குக்குள்ள தடவக் கூடாது, 2 வயசுக்குக் கீழ பிள்ளைங்களுக்குத் தடவவே கூடாது, கற்பூரம் அவங்களுக்கு விஷம். மஞ்சக்கொம்ப சுட்டுப் புகை பிடிக்கறது அப்பத்தா காலத்து வைத்தியம், அவங்க நம்ம மேல உள்ள பாசத்துல சொல்றாங்க, ஆனாலும் புகை வீங்கின மூக்க இன்னும் எரிச்சல் படுத்தும், அதுவும் கர்ப்பத்துல புகையே வேண்டாம்.

கர்ப்பத்துல என்ன மாத்திரை போடலாம், என்ன போடக்கூடாது?

கடையில கேட்டு வாங்குற சளி மாத்திரைய தொடாதீங்க, மூணு நாலு மருந்து கலந்திருக்கும். அதுல இருக்கற சூடோஎபிட்ரின் மொத மூணு மாசத்துல வேண்டாம்னு சொல்றாங்க, ரத்தக் கொதிப்பு இருந்தா எந்த மாசத்துலயும் வேண்டாம். பினைல்எப்ரின் மாத்திரையா முழுங்குனா மூக்கடைப்புக்குப் பிரயோஜனமே இல்லன்னு 2023-ல அமெரிக்காவுல மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோட நிபுணர் குழுவே சொல்லிருச்சு, அப்புறம் எதுக்கு அத முழுங்கணும்? ஐபுப்ரோபென் வேண்டாம், முக்கியமா 20 வாரத்துக்கு மேல. வலி, காய்ச்சலுக்கு டாக்டர் பாரசிட்டமால் எழுதுவாங்க. அலர்ஜின்னு உறுதியா தெரிஞ்சா செட்ரிசின், லோராட்டடின், புடசோனைடு ஸ்ப்ரே இதெல்லாம் கர்ப்பிணிங்களுக்கு டாக்டர்கள் வழக்கமா எழுதறதுதான். ஆனா அலர்ஜி இல்லாத வெறும் கர்ப்பகால அடைப்புக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே பெருசா உதவறது இல்ல. ஏற்கெனவே ஆஸ்துமா மருந்து எடுக்கறவங்க முழுகாம இருக்கேன்னு தானா நிறுத்திராதீங்க, அதுதான் பிள்ளைக்கு ஆபத்து.

கர்ப்பத்துல புதுசா குறட்டை விடறேன்னு வீட்டுக்காரர் சொல்றாரு, சிரிக்கற விஷயமா?

சிரிச்சுட்டு விடாதீங்க. கர்ப்பத்துல புதுசா வர்ற குறட்டைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சம்பந்தம் இருக்கு. அடுத்த செக்கப்ல சொல்லி பிபி பாக்கச் சொல்லுங்க, 140/90-க்கு மேல இருந்தாலோ, விடாத தலைவலி, கண்ணு மங்கறது, மேல்வயித்து வலி, திடீர்னு முகம் கை வீங்கறது இருந்தாலோ "மூக்கடைப்புத் தலைவலிதான்"னு வீட்டுல உக்காராதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு திணறி முழிக்கறதயும் சொல்லணும்.

மூக்குல ரத்தம் வருதே?

கர்ப்பத்துல சகஜம். நிமுந்து உக்காந்து லேசா முன்னால குனிஞ்சு, எலும்புக்குக் கீழ இருக்கற மெத்துனு இருக்கற பாகத்த ரெண்டு பக்கமும் சேத்து 10-லேர்ந்து 15 நிமிஷம் விடாம அமுக்குங்க, நடுவுல எடுத்து எடுத்துப் பாக்காதீங்க. தலைய பின்னால சாய்க்கக் கூடாது. அப்பவும் நிக்கலன்னா ஆஸ்பத்திரி.

மிளகு ரசம், நண்டு ரசம், சுக்கு மல்லிக் காப்பி இதெல்லாம் கேக்குமா?

காரம் மூக்க ஒழுக வைக்கும், சூடு தொண்டைக்கு எதமா இருக்கும், அதனால கொஞ்ச நேரத்துக்குத் தேவல. வீக்கத்த எடுக்காது. நெஞ்செரிச்சல் இருக்கற கர்ப்பிணிங்க ராத்திரியில காரசாரமா குடிச்சிட்டு உடனே படுத்தா எதுக்களிச்சு அதனாலயே மூக்கும் தொண்டையும் இன்னும் மோசமாகும், சாயங்காலமே குடிச்சிருங்க.

எப்ப கட்டாயம் டாக்டர்கிட்ட போகணும்?

10 நாளைக்கு மேல சளி கொறையாம இருந்தா, இல்ல கொறஞ்சு வந்து மறுபடி காய்ச்சலோட ஏறுனா. கண்ணச் சுத்தி வீங்குனா உடனே. ஒரே பக்கம் அடைப்பும் ரத்தமும்னா. சின்னப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் நாத்தம் அடிக்கற சளி வந்தா புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ள போட்டிருக்கும், பொம்மையில போடற பட்டன் பேட்டரின்னா மணிக்கணக்குலயே சதைய அரிச்சிரும், காத்திருக்காதீங்க. சக்கரை அதிகமா இருக்கறவங்களுக்கு முகம் வலிச்சு மூக்குல கறுப்பா பொருக்கு வந்தா அன்னைக்கே போகணும், 2021-ல கறுப்புப் பூஞ்சை என்ன பண்ணுச்சுன்னு பாத்தோம். கர்ப்பிணிக்குக் காய்ச்சலும் மூச்சு வாங்கறதும் இருந்தா 108 கூப்பிடுங்க. அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு 104.

பிரசவத்துக்கு அப்புறம் எப்ப சரியாகும்? பிறந்த பிள்ளைக்கு மூக்கடைச்சா?

பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள்ள. எனக்கு ஒன்பதாம் நாள் விடியக்காலைல பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கும்போது ரெண்டு மூக்குலயும் ஒண்ணா காத்து போச்சு, பிள்ளை தலை வாசனை அப்பத்தான் எனக்கு மொத மொதல்ல தெரிஞ்சுது. பால் குடுக்கும்போதும் சூடோஎபிட்ரின் வேண்டாம், பால் சுரக்கறத கொறைக்கும்.

பச்சப்பிள்ளை மூக்காலதான் மூச்சு விடும், அதனால அடைச்சா பால் குடிக்க முடியாம அழும். பால் குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மூக்குலயும் ரெண்டு சொட்டு சலைன், ஒரு நிமிஷம் கழிச்சு மெத்துனு துணியால தொடச்சா போதும். குளிப்பாட்டுற ஆயா மூக்குல எண்ணெய் விடறதயும் வாயால ஊதி சளி எடுக்கறதயும் நயமா சொல்லி நிறுத்திருங்க, அந்த எண்ணெய் நுரையீரலுக்கு எறங்கி நிமோனியா வந்த பிள்ளைங்க இருக்கு. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் கலந்த சளி மருந்த 4 வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு 2023 டிசம்பர்ல அரசாங்கமே சொல்லியிருக்கு, மூத்த பிள்ளைக்கு வாங்குன பாட்டில் வீட்டுல மிச்சம் இருக்கேன்னு சின்னதுக்கு ஊத்திராதீங்க. மூச்சு விடும்போது நெஞ்சு உள்ள இழுத்தாலோ ஒதடு நீலமானாலோ சொட்டு மருந்து தேடாம பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுங்க.